நூற்றிருபதுக்கு எண்பது

நவரத்தினம் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், முப்பத்தொரு வருடம் கிளார்க்காக இருந்து, ஒரு கோப்புக்கூடத் தவறவிடாமல் பென்சன் எடுத்தவர். யுத்தம் அவருடைய வீட்டை எடுத்தது, பத்துத் தென்னைகளை எடுத்தது, அவர் இருந்து எழுதிய மேசையையும் எடுத்தது. கையெழுத்தை மட்டும் எடுக்க மறந்துபோனது. தொண்ணூற்றாறில் மனைவி நாகேஸ்வரியோடு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் ஒற்றை அறையும் சமைக்க ஒரு குசினியும் வாடகைக்கு எடுத்தார். கொழும்புக்கு வந்த தமிழர் எல்லாரும் போல மறுநாளே பொலிசில் பதிந்தார். படிவத்தைப் பார்த்த சார்ஜன்ட் தமிழ் தெரியாதவராக இருந்தும் அந்த எழுத்தை இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார் என்று நவரத்தினம் ஆட்களுக்குச் சொல்லுவார்.

நாகேஸ்வரி அவரைக் கட்டியதே அந்த எழுத்தின் அழகைப் பார்த்துத்தான். சம்பந்தம் பேசின காலத்தில் அவர் எழுதிய கடிதத்தைத் தகப்பன் அவளிடம் காட்டினாராம். "மனிசர் எப்பிடியோ தெரியாது, எழுத்து வடிவாக் கிடக்கு எண்டுதான் ஓமெண்டனான்" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள். முப்பத்தைந்து வருடமாக அந்தச் சிரிப்பில் குறையில்லை. குறை அவளுடைய பிறசரில், இரத்த அழுத்தத்தில், இருந்தது. வெள்ளவத்தைக்கு வந்த முதல் மாதம் ஒழுங்கை முனையில் இருந்த அரசாங்கக் கிளினிக்கில் அளந்தபோது நூற்றித்தொண்ணூறுக்கு நூற்றிப்பத்து. அப்போதிருந்த வயதான டொக்டர் ஒரு நீலக் கார்ட்டில் அதைக் கிறுக்கிவிட்டு, "இந்தக் குளிசையை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் ஒரு பக்கம் இழுத்துப்போடும்" என்றார். நவரத்தினம் அதைத் தன் கொப்பியில் தேதியோடு எழுதிவைத்தார்.

இரண்டு வருடம் வண்டி ஓடியது. வியாழக்கிழமை கிளினிக். வாங்குப் பலகையில் இருக்கிற நேரம் மூன்று மணித்தியாலம், டொக்டரைப் பார்க்கிற நேரம் அரை நிமிடம், ஒரு மாதக் குளிசை, முப்பது மாத்திரை, கடதாசிப் பையில். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு, தொண்ணூற்றெட்டு மாசி மாதம், அந்தக் கிளினிக் தயாராகத் தொடங்கியது.

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. நாட்பட்ட நோய்களைச் சமாளிக்க ஆரம்ப சுகாதாரக் கிளினிக்குகள் எவ்வளவு தயார் என்று மதிப்பிட மூன்று மாதத்தில் ஒரு குழு வரும். நூறு புள்ளி, அறுபத்துநான்கு கேள்வி. அறுபத்துநான்கில் 'நோயாளருக்குச் சுகமா?' என்றொரு கேள்வி இல்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, கவனித்திருந்தாலும் அதற்குப் புள்ளி கிடையாது.

வயதான டொக்டர் இளைப்பாறிப் போய், அந்தக் கதிரைக்கு டொக்டர் ஒஸ்வால்ட் வந்திருந்தார். அவர் கழுத்துப்பட்டி கட்டி, வாங்குகளில் இருந்த நோயாளருக்கு முன்னால் நின்று பேசினார்.

"இது எங்கட கிளினிக்குக்குப் பெரிய கௌரவம். குழு வரும்போது பிறசர் மெஷின் நல்ல கொண்டிஷனில் இருக்கவேணும். பாவிச்சா மெஷின் பழுதாகும். ஆகவே இண்டையில இருந்து மெஷினைப் பாவிக்கிறதில்லை."

மெஷின் கண்ணாடி அலுமாரிக்குள் போனது. அதைச் சுற்றிப் பட்டுத்துணி. இரத்தத்தில் சீனி பார்க்கிற கருவியும் பக்கத்தில் போய் இருந்தது.

அடுத்த வாரம் நாகேஸ்வரி மருந்து ஜன்னலில் கார்ட்டை நீட்டினாள். மருந்து கொடுக்கிற தியாகராசா அரைஞாணில் சாவிக் கொத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கையை விரித்தார். அவருக்குப் பின்னால் அலுமாரி நிறையப் பிறசர்க் குளிசை, சீனிக் குளிசை, உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தது.

"அங்கை கிடக்குதே" என்றார் நவரத்தினம்.

"கிடக்குது ஐயா. அதுதான் பிரச்சினை. இருபத்திரண்டாம் கேள்வி, மூண்டு மாசத்துக்குப் போதுமான மருந்து இருப்பில் உள்ளதா. குடுத்தா எப்பிடி இருப்பில இருக்கும்?"

"கேக்கிறது நோயாளருக்குக் குடுக்கத்தானே."

தியாகராசா சுற்றறிக்கையை எடுத்து வாசித்தார். "'உள்ளதா' எண்டுதான் போட்டிருக்கு. 'கொடுக்கப்பட்டதா' எண்டு ஒரு இடத்திலயும் போடேல்ல. நீங்கள் கச்சேரியில இருந்த ஆள், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை."

நவரத்தினத்துக்கு விளங்கியது. அதுதான் கொடுமை. சுற்றறிக்கையை வாசிக்கத் தெரியாத மனிதன் அந்த இடத்தில் சண்டை பிடித்திருப்பான். அவர் வாசித்துப் பார்த்து, சரிதான் என்று தலையை ஆட்டினார்.

வரிசையில் பின்னால் நின்றவள் ஆறாயி. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் குடியிருக்கிறவள், வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமைக்கிறாள். அந்த வீட்டு விலாசத்தில்தான் கார்ட். கடுமையான சீனி வருத்தம், நீரிழிவு.

"மருந்தும் இல்ல, மெஷினும் இல்லன்னா நாங்க எதுக்குங்க வர்றோம்?" என்று கேட்டாள்.

டொக்டர் ஒஸ்வால்ட் அறைக்குள்ளிருந்தே பதில் சொன்னார். "ஒன்பதாம் கேள்வி. நோயாளர் வரவு ஒழுங்காக உள்ளதா. நீங்க வராட்டி எங்களுக்கு அஞ்சு புள்ளி போகும். தவறாம வரவேணும்."

"அப்ப வெளிய வாங்கிக்கிறோம், ஒரு மருந்துத் துண்டு எழுதிக் குடுங்க சார்."

"வெளியில வாங்கத் துண்டு எழுதினா இஞ்ச மருந்து இல்லையெண்டு அர்த்தம். இருபத்து மூண்டாம் கேள்வி."

கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை என்று நாங்கள் சிரிப்போம். இங்கே மறக்கவில்லை. தாலி தேய்ந்துவிடும் என்று பெட்டியில் பூட்டிவைத்துவிட்டுக் கல்யாணத்தை நடத்தினார்கள்.

நாகேஸ்வரியிடம் பழைய குளிசை பதினெட்டு மிச்சமிருந்தது. அதைப் பாதி பாதியாகப் பிளந்து போட்டாள். பிறகு கால் கால். காலி வீதியில் பத்தடிக்கு ஒரு பார்மசி இருக்கிறது. "போய்ச் சும்மா கேட்டுப் பாருங்கோவன், தருவாங்கள்" என்று அவள் சொன்னாள். நவரத்தினம் ஒரு நாள் கடை வாசல் வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். டொக்டரின் துண்டு இல்லாமல் மருந்து கேட்பது அவருக்குக் களவு மாதிரி. "வைகாசி பதினாலு வரைக்கும்தானே நாகேஸ். குழு வந்து போனவுடன அலுமாரியைத் திறந்து விடுவினம்" என்றார். ஒரு வெட்கம் கெட்ட ஒழுங்கு சில மனிதரின் எலும்புக்குள் ஊறிவிடும். அது பக்கத்தில் படுத்திருக்கிற மனிசியைத்தான் முதலில் தின்னும்.

சித்திரை நடுவில் கிளினிக் தாதி புளோறன்ஸ் மிஸ்ஸி வாங்கிலேயே இருந்து அழுதுகொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, நல்லவள். பதிவேடு குழம்பிக் கிடந்தது. நானூறு நோயாளர், வரவு விடுபட்ட இடம் பாதி, பிறசர் நிரல் மாசியிலிருந்து வெறுமை. முப்பத்தோராம் கேள்விக்கு மட்டும் இருபது புள்ளி: பதிவுகள் பூரணமாக உள்ளனவா.

நவரத்தினம் எட்டிப் பார்த்தார். தேதி ஒரு இடம், பெயர் ஒரு இடம், மை தெறித்து, கோடு வளைந்து. பசியோடிருப்பவன் இலையைக் கண்டதுபோல் அவருடைய கை சட்டைப்பைப் பேனாவுக்குப் போனது. "பிள்ளை, இப்பிடியோ ஒரு ரெஜிஸ்டர் எழுதிறது? தா இஞ்சை" என்றார்.

தவளை தன் வாயால் கெடும். இவர் பேனாவால் கெட்டார்.

டொக்டர் ஒஸ்வால்ட் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அடிமட்டம், சிவப்பு மை, நீல மை, பத்து மணிக்குப் பால்தேத்தண்ணி. வந்தவர் போனவர் எல்லாரும் "ஐயா" என்றார்கள். யாழ்ப்பாணத்தை விட்ட நாளிலிருந்து ஒருவரும் அவரை ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கச் சொல்லவில்லை. ஆமிச் செக்பொயின்றில் அடையாள அட்டை கேட்டு "ஐ.சி. எங்கே?" என்பதைத் தவிர அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அந்த மூன்று கிழமையும் அவர் சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்க ஒன்றுமில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

பிறசர் நிரலுக்கு வந்தபோது மட்டும் பேனா நின்றது.

"சேர், இதிலை என்ன எழுதிறது? அளக்கேல்லையே."

டொக்டர் ஒஸ்வால்ட் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். "பாருங்க ஐயா, நல்ல கிளினிக்கில நோயாளரும் நல்லாத்தானே இருப்பினம்? நல்ல பிறசர் எவ்வளவு?"

"நூற்றிருபதுக்கு எண்பது."

"அப்ப அதுதான்."

நானூறு பேருக்கும் நூற்றிருபதுக்கு எண்பது. சீனிக்காரருக்கு நூறு. முத்து முத்தாக எழுதினார். நாகேஸ்வரியின் வரியில் வந்து சிறிது நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி இருந்தார். பென்சிலால் 190/110 என்று மெதுவாக எழுதிப் பார்த்தார். மேலும் கீழும் ஒரே எண்ணாக ஓடுகிற நிரலின் நடுவில் அது ஒரு அழுக்குப் போலத் தெரிந்தது. அழித்தார். மையால் எழுதினார்.

இதோடு விட்டிருந்தால் அது கிளினிக்கின் பாவமாகப் போயிருக்கும். ஆனால் பதிவேட்டில் ஒன்று, கார்ட்டில் ஒன்று என்றால் முரண்பாடு. கச்சேரியில் முதல் நாள் படித்த பாடம் அது. அவரே டொக்டரிடம் போய், "கார்ட்டுகளும் ஒத்திருக்கவேணும் சேர். குழு ஒத்துப் பார்த்தால் பிடிபடும்" என்றார். டொக்டர் ஒஸ்வால்ட் எழுந்து அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நானூறு புதிய நீலக் கார்ட் வந்தது. நாலு மாத அளவுகளை நானூறிலும் எழுதினார். மருந்து நிரலில், 'கட்டுப்பாட்டில் உள்ளது, மருந்து தேவைப்படவில்லை.' கொடுக்காத மருந்துக்கு வேறு எந்த விளக்கமும் பதிவேட்டோடு ஒத்துவரவில்லை. பழைய கார்ட்டுகளைப் புளோறன்ஸ் மிஸ்ஸி கிளினிக் வளவில் போட்டு எரித்தாள். பழைய டொக்டர் கிறுக்கிய அந்த நூற்றித்தொண்ணூறும் அதில் எரிந்தது.

அன்று பின்னேரம் நாகேஸ்வரி பிடரியைக் கையால் பிடித்தபடி குசினிக் கதவில் சாய்ந்து நின்றாள். "பின்பக்கம் இடிக்குது" என்றாள். கால் குளிசையும் முடிந்து எட்டு நாள்.

"இன்னும் நாலு நாள்" என்றார் அவர்.

வைகாசி பதினாலு காலை கிளினிக் வாசலில் வாழை கட்டினார்கள். வாங்குகளுக்கு வெள்ளை உறை. நோயாளருக்கு முதல் நாளே ஒத்திகை நடந்தது. திருப்தியா என்று கேட்டால் திருப்தி என்று சொல்ல வேண்டும். ஆறாயி ஒத்திகையில் "காலு புண்ணு ஆறலீங்க" என்று சொன்னபடியால், அவளை மட்டும் வராமல் இருக்கச் சொல்லி, வந்ததாக வரவு போட்டார்கள்.

குழுத் தலைவர் இராஜநாயகம் மூன்று பேரோடு வந்தார். கண்ணாடிக்குள் இருந்த மெஷினைப் பார்த்தார். தூசு உண்டா என்று விரலால் தடவினார். இல்லை. அலுமாரியின் குளிசைப் பெட்டிகளை உதவியாளர்கள் எண்ணினார்கள், ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. பிறகு பதிவேட்டைத் திறந்தார். திறந்தவர் வாங்கில் இருந்த எழுபது நோயாளரையும் மறந்துபோனார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். கார்ட்டுகளை எடுத்து ஒத்துப் பார்த்தார். ஒத்திருந்தது.

வடையும் கேக்கும் முடிந்து அவர் உரையாற்றினார்.

"நான் பதினேழு கிளினிக் பார்த்துவிட்டேன். எங்கு போனாலும் நோயாளர், நோயாளர், நோயாளர். மருந்து முடிந்துவிட்டது, மெஷின் பழுதாகிவிட்டது என்று ஒரே முறைப்பாடு. ஏன்? அவற்றைப் பாவிக்கிறார்கள். இங்கே பாருங்கள். நானூறு நோயாளரில் ஒருவருக்குக்கூட நோயில்லை. நாட்பட்ட நோயைச் சமாளிப்பதற்கு இதைவிடச் சிறந்த தயார்நிலை என்ன? வருத்தம் வந்தபிறகு சமாளிப்பது சாதாரண கிளினிக். வருத்தத்தைப் பதிவேட்டிலேயே நிறுத்திவிடுவது முன்மாதிரிக் கிளினிக்."

கை தட்டினார்கள். வாங்கில் இருந்த நாகேஸ்வரியும் தட்டினாள். வலது கை கொஞ்சம் பிந்தி வந்து இடது கையில் பட்டது. அதை அவள் மட்டும் கவனித்தாள், ஒருவருக்கும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு புள்ளி. நிரல்களின் ஓரக் கோடு சிவப்பாக இல்லாமல் நீலமாக இருந்ததற்கு மூன்று குறைந்தது. நவரத்தினத்துக்கு மனம் சுருங்கிப் போனது. அது தன் பிழை என்று அவர் நினைத்தார்.

குழு படி இறங்கமுன்பே ஒரு வான் வந்து பின்பக்கமாக நின்றது. தியாகராசா அலுமாரியைத் திறந்தார். மூன்று மாதம் காத்திருந்த கதவு திறந்தது. பெட்டிகள் ஒன்றொன்றாக வானில் ஏறின. மெஷினும் பட்டுத்துணியோடு ஏறியது.

"எங்கை கொண்டுபோறியள்?" நவரத்தினம் ஓடி வந்தார்.

"இரத்மலானைக்கு. அங்க அடுத்த கிழமை மதிப்பீடு. பிறகு ஹெந்தளைக்குப் போகவேணும்" என்றார் தியாகராசா. "இஞ்ச ஒருத்தருக்கும் தேவைப்படேல்லத்தானே ஐயா. நீங்களே எழுதியிருக்கிறியள்."

மறுநாள் காலை பல் தீட்டப் போன நாகேஸ்வரி கிணற்றடியில் விழுந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அயலட்டைச் சனம் தூக்கிப் பிடித்து முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். செக்பொயின்றில் ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான், பொலிஸ் பதிவைப் பார்த்தான், நாகேஸ்வரியைப் பார்க்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவன் அவசர அவசரமாக நீலக் கார்ட்டைத் திறந்தான். எழுத்தைக் கண்டதும் அவனுடைய முகம் கொஞ்சம் மலர்ந்தது. அன்று காலை அவன் பார்த்த முதல் வாசிக்கக்கூடிய கார்ட் அதுவாக இருந்திருக்க வேண்டும்.

"நாலு மாசமா பிறசர் நோமல்" என்று சிங்களத்தில் சொன்னான். "மருந்தே இல்லை. அப்ப இது பிறசர் இல்லை, விழுந்ததில தலை அடிபட்டிருக்கும். எக்ஸ்றே வரிசையில கொண்டுபோய் வையுங்க."

"பிறசரை ஒருக்கா அளந்து..." என்றார் நவரத்தினம்.

"நாலு தரம் அளந்திருக்குதே."

அந்த இடத்தில் அவர் மறுபடி வாயைத் திறந்தார். இது பொய், நான்தான் எழுதினேன் என்று சொல்வதற்குச் சிங்களமும் அவருக்கு நன்றாகத் தெரியும். கதவடியில் தோளில் துவக்கோடு ஒரு பொலிஸ்காரன் நின்றான். அரசாங்க ஆவணத்தில் பொய்ப் பதிவு. அதை ஒரு தமிழன், கொழும்பில், தொண்ணூற்றெட்டில், பொலிசுக்கு முன்னால் ஒத்துக்கொள்வது. திறந்த வாயை மூடினார். எக்ஸ்றே வரிசையில் தள்ளுகட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டரை மணித்தியாலம் நின்றார். நாகேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். முறை வரக் கிட்ட, அவர் ஒரு தாதியின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுது, "அளந்து பாருங்கோ மிஸ், கார்ட் பொய்" என்றார். அளந்தாள். இருநூற்றிமுப்பதுக்கு நூற்றிமுப்பது.

உயிர் தப்பியது. வலது பக்கம் தப்பவில்லை. இரண்டரை மணித்தியாலம் முந்தி என்றால் வேறு கதை என்று வார்ட்டில் சொன்னார்கள்.

அடுத்த வியாழக்கிழமை அவர் கிளினிக்குக்குப் போனார். வீட்டுக்கு வந்தபிறகு போட வார்ட்டில் எழுதித் தந்த குளிசைத் துண்டைக் காட்டி, பெயரை மறுபடியும் பதிந்து மருந்து தரச் சொன்னார். டொக்டர் ஒஸ்வால்ட் பதிவேட்டைத் திறந்து காட்டினார்.

"ஐயா, இவ நோமல். திருத்திறதெண்டா முழு நிரலையும் சந்தேகப்படவேணும். தொண்ணூற்றேழு புள்ளியையும் திருப்பிக் குடுக்கவேணும். நீங்க எழுதினதை நீங்களே நம்பாட்டி, நாங்க ஆரை நம்பிறது?" பிறகு ஞாபகம் வந்தவராய் மேசை லாச்சியிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். சிறந்த பதிவுப் பராமரிப்புக்கான சான்றிதழ். "இரத்மலானைக்காரர் உங்களைக் கேட்டிருக்கினம். வாகனம் அனுப்புவினம்."

வெளியில் வந்தபோது ஆறாயி வாங்கில் இருந்தாள். வலது காலைச் சீலைத்துண்டால் சுற்றி, அதற்கு மேல் ஒரு கடைப்பை கட்டியிருந்தது. நீலக் கார்ட்டை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"என்னோட சீனியும் நீங்கதாங்க எழுதுனீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "கால் விரலை எடுக்கணுமுன்னு சொல்றாங்க. பழைய கணக்கைக் கேக்குறாங்க. எவ்வளவு இருந்துச்சுன்னு திருப்பி எழுதிக் குடுங்கய்யா."

அவர் பேனாவை எடுத்தார். எவ்வளவு இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. அது வளவில் எரிந்துபோனது. கார்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்க்காமல் காலி வீதிக்கு நடந்தார். பார்மசிக்குள் போய் வார்ட் தந்த துண்டை நீட்டினார். கடைக்காரன் குளிசையின் பெயரை மட்டும் கேட்டு, துண்டைக் கையில் வாங்காமலே அட்டையை எடுத்து வைத்தான். "துண்டு வேண்டாமோ?" என்று கேட்டார். "பிறசர்க் குளிசைக்கு என்னத்துக்கு ஐயா துண்டு?" என்றான் அவன்.

வார்ட்டில் நாகேஸ்வரிக்கு அன்றுதான் கொஞ்சம் பேச்சு வந்திருந்தது. அவர் கையிலிருந்த சுருளைக் கண்டு, என்ன என்று கண்ணால் கேட்டாள். அவர் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அவள் இடது கையை நீட்டி, தலைமாட்டில் கிடந்த நீலக் கார்ட்டைக் காட்டினாள். எடுத்துக் கொடுத்தார். முகத்துக்குக் கிட்டப் பிடித்து, நாலு மாதத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவருக்கு அந்த நேரம் அந்த எக்ஸ்றே வரிசையில் இன்னொரு முறை நிற்பது போலிருந்தது.

"கண்ட... உடனை... தெரிஞ்சுது" என்றாள். சொல் ஒரு பக்கத்து வாயால் வந்தது. "அண்டைக்கு... டொக்டர் கார்ட்டை விரிக்கேக்கை."

"நாகேஸ்..."

"நீங்கள் சொல்லுவியள் எண்டு... பாத்துக்கொண்டு கிடந்தனான்."

கார்ட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பிறகு, சம்பந்தம் பேசின காலத்துக் கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பாளே, அந்தச் சிரிப்பின் பாதி அவளுடைய முகத்தில் வந்தது.

"எழுத்து வடிவாத்தான் கிடக்கு" என்றாள்.